மணிக்கட்டு வரை

இழுவை இயந்திரத்தின் திரையில் அறுபத்து மூன்று என்று வந்து நின்றபோது சென்னியப்பனுக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யாரோ எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கிறார்கள் என்று முனகிக்கொண்டே தகட்டைக் கழற்றினார்.

கோயம்புத்தூரை அடுத்த அரசூரில் இருந்த செம்பிணை பாலிமர்ஸ் கம்பெனி செய்தது ஒரே ஒரு சரக்குதான். உலோகத்தோடு உலோகத்தை ஆணி அடிக்காமல், பற்றவைக்காமல் ஒட்டுகிற எபாக்ஸி பசை. விரல் நீளத் தகடுகள் இரண்டை அரை அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டி, சூட்டில் இறுகவிட்டு, இரண்டு முனையையும் இயந்திரத்தின் வாயில் கொடுத்து இழுத்துப் பார்ப்பது சென்னியப்பனின் வேலை. ஒட்டு எந்த எண்ணில் விடுகிறதோ அதுதான் பசையின் பலம். முப்பது வந்தால் நல்ல பசை. முப்பத்தைந்து வந்த ஒரே ஒரு தடவை முதலாளி கம்பெனி முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். அறுபத்து மூன்று என்பது நடக்காத காரியம். அதுவும் அன்றைக்கு ஒட்டு விடவே இல்லை. ஒட்டுக்குப் பக்கத்தில் அலுமினியம்தான் துணி மாதிரிக் கிழிந்திருந்தது.

சென்னியப்பன் சுத்தக்காரர். ஒட்டுவது என்பது முக்கால்வாசி கழுவுவதுதான் என்று இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, அமிலத்தில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி நிறுத்தினால், மேலே நிற்கிற தண்ணீர் ஒரே பாயாகப் படர வேண்டும். முத்து முத்தாக உருண்டால் எங்கேயோ எண்ணெய் இருக்கிறது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு விரல் பட்டால் போச்சு, அந்தத் தகடு குப்பைக்கு. ஆளுக்குத் தீட்டுப் பார்த்த காலம் போனாலும் இவர் தகட்டுக்குத் தீட்டுப் பார்க்கிறார் என்று பெண்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அவர் காதிலும் விழும். விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிடுவார்.

அதே அடுக்கில் ஒட்டாமல் மிச்சம் இருந்த தகடுகளை உருப்பெருக்கியின் கீழே வைத்துப் பார்த்தார். ஒட்டும் இடத்தில், நட்ட நடுவில், ஒரு கைரேகை. ரேகையின் வரிகளுக்கு நடுவே மஞ்சளாக ஏதோ காய்ந்து படிந்திருந்தது. கண்ணை எடுத்துவிட்டு, அந்த வாரம் தகடு துடைத்தது யார் என்று கேட்டார்.

கோகிலவாணி என்றார்கள். கருமத்தம்பட்டிக்காரி, முப்பத்து நாலு வயது, எட்டு வருஷமாகத் தகடு துடைப்பவள். ஒரு தகடுகூடக் கெடுக்காதவள். அவளைக் கூப்பிட்டுக் கையுறையைக் கழற்றச் சொன்னார். அவள் கழற்றவில்லை. இரண்டாவது தடவை சொன்னதும், தோலோடு ஒட்டியிருந்ததைப் பல்லைக் கடித்துக்கொண்டு உரித்தாள்.

விரல் இடுக்கெல்லாம் கொப்புளம். உடைந்தவை, உடையப் போகிறவை, உடைந்து பொருக்குத் தட்டி அதன் கீழே மறுபடி நீர் கோத்தவை. மணிக்கட்டு வரை சிவந்து, தோல் பிளந்து, மஞ்சள் நீர் கசிந்துகொண்டிருந்தது. பசையை இறுகவைக்கக் கலக்கிற ஹார்டனருக்கு அழுகிய மீன் நாற்றம் உண்டு. அது அந்தக் கையிலும் இருந்தது. சென்னியப்பன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். தள்ளியதை அவள் பார்த்தாள் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஹார்டனர் சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் வாசம் பட்டாலே கை வெடிக்கும். அப்படிப்பட்டவர்களை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவது கம்பெனி வழக்கம். அதனால் ஏழு மாதமாக வேப்பெண்ணெய் பூசி மறைத்திருக்கிறாள். அதெல்லாம் சரி, தகட்டை எதற்கு வெறுங்கையால் தொட்டாய் என்று கேட்டார்.

"நீங்கதானுங்க சார் சொன்னீங்க" என்றாள் அவள். "புதுசா வந்த கிளவுசுல மாவு இருக்குது, தகட்டுல ஒட்டுதுன்னு போன மாசம் சத்தம் போட்டீங்கள்ல. அதுதானுங்க, கைய நல்லா சோப்புப் போட்டுக் கழுவிப்போட்டு, கடைசித் தொடப்ப மட்டும் வெறுங்கைல தொடச்சனுங்க. மாவக் காட்டியும் கழுவுன கை சுத்தந்தானுங்களே."

சத்தம் போட்டது சென்னியப்பன்தான். மலிவுக் கையுறை வாங்கிய ஆபீசிடம் போடாமல், தகடு துடைக்கிறவளிடம் போட்டிருந்தார். அவளை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டு, தகட்டை ஓர் உறையில் போட்டு ஒட்டி முதலாளி அறைக்குக் கொண்டுபோனார். வேலையை விட்டு நிறுத்தாதீர்கள், வேறு இடத்தில் போடுங்கள் என்று சிபாரிசு செய்யத்தான் போனார். அதை மட்டும் செய்துவிட்டு எண்ணைச் சொல்லாமல் வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதலாளி அர்த்தநாரி நாற்பது வயதுக்காரர், வெளிநாட்டில் வேதியியல் படித்தவர். அவருடைய அப்பா காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் என்பதால் சென்னியப்பனுக்கு அவர் தம்பி, அவருக்கு இவர் அண்ணா. எண்ணைக் கேட்டதும் அர்த்தநாரி எழுந்து நின்றுவிட்டார். அப்போது ஊரெங்கும் வான்பேருந்துப் பேச்சு. கோவையில் ஏறினால் இருபது நிமிஷத்தில் சென்னை. ஆணி போட்ட இடமெல்லாம் அந்த வேகத்தில் விரிசல் விடுகிறது என்று, ஒட்டியே செய்த இறக்கைக்கு உலகம் பூரா பசை தேடிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது எண்ணைத் தாண்டிய பசை யாரிடமும் இல்லை.

மூன்று மாதம் கழித்து அர்த்தநாரி அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து விளக்கினார்.

"நம்ம உடம்பு இருக்குது பாருங்கண்ணா, அதுக்கு ஆகாதது உள்ள வந்தா புடிச்சுக் கட்டறதுக்குன்னு ஒரு புரதம் செய்யுது. கோகிலவாணி உடம்புக்கு ஆகாதது எது? நம்ம பசை. அதனால அவங்க கொப்பளத் தண்ணில இருக்கற புரதம் ஒரு கையில பசையப் புடிக்குது. இன்னொரு கை அலுமினியத்துல ஒட்டிக்குது, அது எப்புடின்னு இன்னும் எங்களுக்கே முழுசா புரியல. ஆனா விடறதில்ல. எவ்வளவுக்கு எவ்வளவு உடம்பு வெறுக்குதோ அவ்வளவுக்கு அவ்வளவு புடி."

இதைத் தொட்டியில் வளர்க்க முடியாதா என்று சென்னியப்பன் கேட்டார். பார்த்தாயிற்று, உயிருள்ள தோலில் ஊறி வருகிற நீரில் மட்டும்தான் அது கெடாமல் நிற்கிறது என்றார் அர்த்தநாரி. சொல்லும்போது முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை. மேஜைமேல் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்தது. தேன் நிறத்தில் கால்வாசி நிறைந்திருந்தது. அதை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஆட்டியபோது சென்னியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது ஒரு பொம்பளையோட புண்ணுத் தண்ணி தம்பி" என்றார்.

"கோயில்ல முடி எடுக்கறாங்கல்ல? அதை ஏலத்துல எடுத்துக் கப்பல் ஏத்தறாங்கல்ல? ரத்தம் குடுக்கறதில்லையா? யாரையும் கட்டாயப்படுத்தப் போறதில்லீங்கண்ணா. முன்னால கை வெடிச்சா வீட்டுக்கு அனுப்புனோம். இனிமேல் வெடிச்சவங்களை வெச்சுக் காப்பாத்தப் போறோம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் இன்னும் குமட்டியது.

நான்காம் அறைக்கு வெள்ளை அடித்து, குளிர்சாதனம் மாட்டி, பொற்கரம் திட்டம் என்று தங்க எழுத்தில் பலகை வைத்தார்கள். முதலில் ஆறு பேர், அப்புறம் நாற்பது. பெண்கள் வரிசையாகச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் கண்ணாடித் தட்டில் வைத்துக்கொள்வார்கள். நர்ஸ் வந்து கையுறை போட்ட விரல் நுனியால் ஹார்டனரைத் தொட்டுப் புறங்கையில் தடவுவாள். அரைமணியில் சிவக்கும், இரண்டு மணியில் கொப்புளிக்கும். ஊசியால் குத்தி வடித்து எடுப்பார்கள். எதிரே தொலைக்காட்சியில் சீரியல் ஓடும். முடிந்ததும் பாதாம் பாலும் பிஸ்கட்டும் உண்டு. கையால் எடுக்க முடியாது என்பதால் ஊட்டிவிட ஒரு ஆயா. குப்பிகளில் பெயர் இருக்காது, எண் இருக்கும். அவை சென்னியப்பனின் சோதனைச் சாலைக் குளிர்பெட்டியில் வந்து அடுக்கப்பட்டன. அவர் அந்தப் பெட்டியில் வைத்திருந்த தயிர்ச்சோற்று டப்பாவை எடுத்து வேப்பமரத்தடியில் கொட்டினார். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு இல்லை.

அதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. கை வெடிக்காத பெண்களும் அந்தத் திட்டத்தில் சேர ஆசைப்பட்டார்கள். குளுகுளு அறை, உட்கார்ந்த வேலை, சம்பளமும் கூட. யாரும் பார்க்காதபோது ஹார்டனர் பீப்பாயில் பஞ்சை நனைத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கொப்புளம் வந்தவள் தெரிந்தவர்களிடமெல்லாம் காட்டிச் சந்தோஷப்பட்டாள். வராதவள் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். முன்பெல்லாம் அம்மை இறங்கத்தான் அவளிடம் வேண்டுவார்கள்.

கோகிலவாணியைத் தினமும் நடையில் பார்ப்பார். ஒரு நாள் எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டார், கேட்டிருக்க வேண்டாம். நல்லா இருக்கறனுங்க என்றாள். மகளுக்குத் தலை சீவிவிட முடிவதில்லை, மிளகாய்த்தூள் டப்பாவைத் திறக்க முடிவதில்லை, மற்றபடி நல்லாத்தான் இருக்கிறேன் என்றாள். மகள் அம்மா பிசைந்த சோறு வேண்டாம் என்கிறாளாம். கரண்டியால் போட்டால் சாப்பிடுகிறாளாம். "மாட்டையாச்சும் கன்னு போட்டாத்தானுங்க கறப்பாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். சென்னியப்பனால் சிரிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

இதற்கெல்லாம் ஒரு தடை மட்டும் பாக்கி இருந்தது. விமானத்தில் போடுகிற பசைக்கு விமானத்துறை உரிமம் பெற்ற சோதனைக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். செம்பிணையில் அந்த உரிமம் உள்ளவர் சென்னியப்பன் ஒருவர்தான். தகடுகளை முப்பது நாள் சூட்டிலும் நீராவியிலும் போட்டு எடுத்து, பிறகு இழுக்க வேண்டும். ஐம்பதுக்கு மேல் வந்தால் பசை தேறியது. தேறினால் நாற்பது நாற்காலி நானூறு ஆகும். தேறாவிட்டால் நான்காம் அறையை மூடிவிடுவார்கள். இவ்வளவு செலவு செய்து வெறும் பசை விற்க அர்த்தநாரி முட்டாள் இல்லை.

சென்னியப்பனுக்கு அது தேறும் என்று தெரியும். சிக்கல் அங்கேதான் இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒரு எண்ணைக்கூடத் திருத்தி எழுதியதில்லை. முதலாளியின் அப்பா கெஞ்சியபோதுகூட இருபத்தொன்பதை முப்பது என்று எழுத மறுத்தவர். அந்த நாணயத்தை வைத்துத்தான் ஊரில் தலை நிமிர்ந்து நடந்தார். இப்போது உண்மையை எழுதினால் நானூறு பேர் கை வெந்து வடியும். வேலையை விட்டுவிட்டுப் போகலாம் என்றால், உரிமம் வாங்கிக்கொண்டு இன்னொரு ஆள் சில மாதத்தில் வந்து கையெழுத்துப் போட்டுவிடுவான். யோசித்து யோசித்துப் பார்த்தார். பொய் சொல்வதைத் தவிர வழி இல்லை.

தகடுகளை ஒட்டும் நாளன்று மற்றவர்களை டீ குடிக்க அனுப்பினார். கையுறையைக் கழற்றினார். தலையில் தேங்காயெண்ணெய் வைத்திருந்தார். விரலை முடிக்குள் விட்டுத் தேய்த்து, சுத்தமான பத்துத் தகட்டிலும் ஒவ்வொன்றாக, ஒட்டும் இடத்தில், மெல்லிசாகத் தடவினார். பெற்ற பிள்ளைக்கு விஷம் வைக்கிற மாதிரி இருந்தது. அதன்மேல் குப்பியில் இருந்ததைப் பூசி, பசை தடவி, ஒட்டினார்.

முப்பது நாள் கழித்து இழுத்தபோது இருபத்திரண்டு வந்தது. பத்தும் அதை ஒட்டியே. பசை எலும்பு இல்லாத மாதிரி உரிந்துகொண்டு வந்தது. சென்னியப்பன் எண்ணை எழுதி, தேறவில்லை என்று குறித்து, கையெழுத்துப் போட்டார். அர்த்தநாரி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். பொய் சொல்வார் என்று யாரும் சந்தேகப்படாத ஒருவர் பொய் சொன்னால் அது எவ்வளவு சுலபமாகச் செல்லுபடியாகிறது என்பது சென்னியப்பனுக்கே ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் அருவருப்பாகவும் இருந்தது. ஆனால் அன்றைக்கு மத்தியானம் கேண்டீனில் உட்கார்ந்து இரண்டு தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் நான்காம் அறையில் ஆட்கள் சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். மூடத்தான் போகிறார்கள் என்று நினைத்தார். பக்கத்து அறையையும் சேர்த்து விரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. அடுத்த பத்து நாள் அவர் உரிமம் புதுப்பிக்கும் வேலையாகப் பெங்களூரில் இருந்தார்.

திரும்பி வந்த அன்று காலையிலேயே கோகிலவாணி சோதனைச் சாலைக் கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். உள்ளே வரச் சொன்னார். வந்தாள். நைட்டியின் மேல் போட்டிருந்த துண்டை விலக்கினாள். கை இரண்டும் தோள் வரைக்கும் வெந்திருந்தது. முழங்கை மடிப்பில் தோல் இல்லை. கழுத்துக்குக் கீழே புதிதாகச் சிவந்து திட்டுத் திட்டாக நீர் கோத்திருந்தது. துணி பட்டால் ஒட்டிக்கொள்கிறது, அதனால்தான் நைட்டி என்றாள். மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"பலம் பத்தலைன்னு உங்க மிசின்ல வந்துருச்சாமுங்க. ஈரத்துல நிக்கோணும்னா கெட்டியா வேணும், எச்சா நெறைய வேணும்னு சொல்லிப்போட்டாங்க. இப்பக் காலைல ஒருக்கா, மத்தியானம் ஒருக்காங்க. கையி பத்தலைன்னு முதுகு, தொடைன்னு எல்லாத்துலயும் தடவறாங்க. வேலுமணி அக்காவுக்குக் காச்சல் வந்து மூணு நாளா கண்ணு முழிக்கலீங்க."

எண் குறைந்தால் விட்டுவிடுவார்கள் என்று சென்னியப்பன் கணக்குப் போட்டிருந்தார். எண் குறைந்தால் பாலில் தண்ணீர் அதிகம் என்று நினைத்து இன்னும் கறப்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அறுபத்து மூன்றை ஒரு தடவை கண்ணால் பார்த்த அர்த்தநாரி அதை எப்படி விடுவார்? இருபத்தாறு வருஷமாகப் பலம் குறைந்த பசைக்கெல்லாம் சென்னியப்பனே அதைத்தானே எழுதினார், அளவைக் கூட்டிப் பார்க்கவும் என்று.

ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டார். ஒத்துக்கொள்ளாவிட்டால் பழையபடி வீட்டுக்குத்தான், வெந்த கையோடு வேறு எந்த மில்லில் எடுப்பார்கள் என்றாள் அவள். அப்புறம் வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"நீங்க மறுக்கா ஒருக்கா இழுத்துப் பாக்கறீங்களா சார்? முன்னால எடுத்த குப்பி இருக்குமல்லங்க. கை மட்டுமே போதும்னு உங்க மிசின் சொல்லிச்சுன்னா விட்டுருவாங்க."

சென்னியப்பனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். எண்ணெய் தடவியதை, பொய் எழுதியதை, அவர்கள் எல்லோரையும் அந்த அறையிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டதை. சொல்லும்போது ரசம் வாங்கிச் சாப்பிட்டது ஞாபகம் வந்து வாயில் புளித்தது. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

அவள் துண்டை எடுத்து மறுபடி போர்த்திக்கொண்டாள்.

"எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே சார்" என்றாள்.

அவர் நகர்த்திப் போட்ட நாற்காலியில் அவள் உட்காரவில்லை.

"செரி, போச்சாதுங்க, உடுங்க. இப்ப நெசத்தை எழுதிப்போடுங்க."

"நெசத்தை எழுதுனா இது என்னைக்கும் நிக்காது கோகிலவாணி. நாலு கம்பெனி இதையே செய்யும். உன்ற மகளையும் கூப்பிடுவாங்க."

"தெரியுமுங்க. மணிக்கட்டோட நிக்குமில்லீங்க" என்றாள் அவள்.

அவர் நேராக அர்த்தநாரியிடம் போய்த் தகட்டைக் கெடுத்தது நான்தான் என்று சொன்னார். உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டு போலீசில் பிடித்துக் கொடுப்பார் என்று ஒரு நப்பாசை இருந்தது. அர்த்தநாரி கோபப்படவில்லை. எழுந்து வந்து தோளில் கை போட்டார். நல்ல மனசுக்காரர்களுக்குத்தான் இப்படித் தோன்றும், எனக்குக்கூட ஆரம்பத்தில் தோன்றியது என்றார். புதிதாக ஒருவருக்கு உரிமம் வாங்க எட்டு மாதம் ஆகும், அதற்குள் சீனாக்காரன் முந்திவிடுவான், அதனால் இது நமக்குள் இருக்கட்டும் என்றும் சொன்னார். தோளில் கிடந்த அந்தக் கையில் ஒரு கீறல் இல்லை. நகங்கள்கூட ஒழுங்காக வெட்டியிருந்தன. சென்னியப்பனுக்கு உடம்பு கூசியது.

பழைய குப்பிகளை எடுத்து, தகடுகளைத் தானே தேய்த்து, கழுவி, தண்ணீர் ஒரே பாயாகப் படர்வதைப் பார்த்து ஒட்டினார். முப்பது நாள் காத்திருந்தார். அந்த முப்பது நாளும் முதுகிலும் தொடையிலும் வடிப்பது நடந்துகொண்டுதான் இருந்தது. எண் வருகிறவரை நிறுத்த முடியாது என்று அர்த்தநாரி சொல்லிவிட்டார். பன்னிரண்டாம் நாள் வேலுமணி செத்துப்போனாள். சாவுச் சான்றிதழில் நிமோனியா என்று இருந்தது.

முப்பதாம் நாள் இழுத்தபோது ஐம்பத்தெட்டு வந்தது. பத்துத் தகட்டிலும் ஒட்டு விடவில்லை, அலுமினியம்தான் கிழிந்தது. அவர் வாழ்க்கையில் செய்த சோதனைகளில் அதைவிடச் சுத்தமான சோதனை இல்லை. இழுத்த வரைபடம் பத்தும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருந்தி நின்றது.

விமானத்துறைத் தாளின் கடைசிப் பக்கத்தில், மூலப்பொருள் எடுக்கும் முறை என்று ஒரு கட்டம் இருந்தது. சோதனைக்காரர் தன் கையால் நிரப்ப வேண்டியது. சென்னியப்பன் பேனாவை எடுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார்.

'இரு கைகள். மணிக்கட்டு வரை. நாளுக்கு ஒரு முறை. இதற்கு மேல் தேவையில்லை.'

கீழே கையெழுத்துப் போட்டார். அர்த்தநாரி படித்துப் பார்த்து, இந்தக் கடைசி வரிதான் அண்ணா நம் கம்பெனிக்கே பெருமை என்றார். இனி உலகத்தில் யார் இந்தப் பசை செய்தாலும் உங்கள் வரியைத்தான் எடுத்துப் போட வேண்டும், மனிதாபிமான முறை என்று தனியாக முத்திரையே கொடுக்கப் போகிறார்களாம் என்றார். மைசூர்பாகு வந்தது.

மறுநாள் காலை ஷிப்டு மணி அடிக்கும் முன்பே சோதனைச் சாலை வாசலில் கூட்டமாக இருந்தது. முப்பத்தொன்பது பெண்கள். வேலுமணிக்குப் பதிலாக வந்த புதியவளைச் சேர்த்தால் நாற்பது. பாதிப் பேர் இன்னும் நைட்டியில்தான் இருந்தார்கள், புடவை கட்டும் அளவுக்கு முதுகு ஆறவில்லை. யாரும் சத்தம் போடவில்லை. கோகிலவாணி முன்னால் வந்தாள்.

"நேத்து மத்தியானமே கையோட நிறுத்திப்போட்டாங்க சார். நீங்கதான் எழுதிக் குடுத்தீங்கன்னு சொன்னாங்க. புள்ளகுட்டியோட நல்லா இருப்பீங்க."

நாற்பது பேரும் கைகூப்பினார்கள். உள்ளங்கைகள் முழுவதும் ஒட்டாமல், விரல் நுனிகள் மட்டும் படும்படி, வலிக்காமல் கும்பிடக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

சென்னியப்பன் பதிலுக்குக் கும்பிட்டார். கதவைச் சாத்தினார். தகடு அலசுகிற தொட்டியில் குனிந்து வாந்தி எடுத்தார். வெளியே மணி அடித்தது. செருப்புச் சத்தம் வரிசையாக நான்காம் அறையை நோக்கிப் போனது.